சனிக்கிழமை வரைக்கும்

கூலரைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்தான் செங்கோட்டுவேலு.
ஒரு மூலை, காலில் மிதிபட்ட தேனடை.
ஜல்லி லாரிக்குப் பின்னால போயிருப்பீங்க, என்றான்.
சங்ககிரி ரோட்டில்
ஜல்லி லாரிக்குப் பின்னால் போகாதவர் யார்.

புதுசு கோயமுத்தூர்லருந்து வரோணுங்க.
சனிக்கிழமை பொழுதாயிரும்.
எனக்கு நடுவில் ஒரு வியாழன் இருக்கிறது.
செவ்வாய், வியாழன், சனி:
மாமாவின் ரத்தத்துக்கு வேறு கிழமை தெரியாது.

ரிக் வண்டிகளுக்கு ஹோஸ் அடிக்கிற பட்டறைக்குப் போய்
முழ நீளத்தில் ஒரு துண்டு வாங்கி வந்தான்.
எண்ணெய் போகிற வாயையும் வருகிற வாயையும்
ஒன்றோடொன்று பூட்டினான்.
ஆறாமயே திரும்பி வரும், அவ்வளவுதானுங்க.
ஓட்டலாமா?
ஓட்டலாம். ஓட்டற மாதிரி ஓட்டோணும்.
அம்பதுக்கு மேல வேண்டாம். ஏசி வேண்டாம். மேடு வேண்டாம்.
செவப்பு லைட்டு மினுங்குச்சுன்னா
யோசிக்காம ஆஃப் பண்ணிப் போடுங்க.

டாக்சி வெச்சுக்க, என்றார் வீட்டுக்காரர்,
சத்தீஸ்கரிலிருந்து, ரிக் இரைச்சலுக்கு மேல் கத்தி.
எழுநூறு அடி தாண்டியும்
புழுதி மட்டுமே வருகிற குழியருகே நிற்பவரிடம்
டாக்சி வெயிட்டிங் கணக்கைச் சொல்லவில்லை.

வியாழன், காலை ஐந்தரை.
ஐம்பதில் போனால் இது வேறு ரோடு.
பள்ளிபாளையத்தில் எந்தச் சந்தில் தறி ஓடுகிறது,
எந்தச் சந்தில் நின்றுவிட்டது
எல்லாம் காதில் விழுகிறது.
காகித ஆலை வாடை ஜன்னல் வழியே ஏறி
பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது.
முட்டை வண்டி எங்களை முந்துகிறது.
முட்டை வண்டி! என்றார் மாமா,
முப்பது வருஷம் ரிக் ஓட்டினவர்.
அப்புறம் பாலம் வரை பேசவில்லை.

காவிரிப் பாலத்தில் எல்லாம் நின்றது.
முன்னால் ஒரு கரும்பு டிராக்டர், அச்சு முறிந்து.
நிற்க நிற்க உள்ளே
எண்ணெய் நீர்மோராகிக்கொண்டிருக்கும்.
விளக்கு ஒருமுறை மினுங்கியது.
சாவியைத் திருப்பினேன்.

பின்னால் இருந்தவன் ஹாரனிலிருந்து கையெடுக்கவில்லை.
அம்மிணி, சித்த தண்ணி குடு.
ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
பாட்டிலில் நான் மார்க்கரால் போட்ட கோடுகள்.
ஒரு மூடி ஊற்றினேன்.
விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு
கீழே பார்த்தார்: பாறை, ஆகாயத்தாமரை,
அவற்றுக்கு நடுவே கொஞ்சம் காவிரி.
பிறகு விழுங்கிவிட்டுச் சொன்னார்:
வண்டி சூடாச்சுன்னா நாங்க
அடியில படுத்துச் சீட்டாடுவோம்.
பஸ்தர்ல ஒருக்கா கைக்கடிகாரமே போச்சு.

பன்னிரண்டு நிமிஷம். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது
விளக்கு அணைய ஒரு நொடி கூடுதலாக எடுத்தது.
அந்த நொடியை யாரிடமும் சொல்லவில்லை.

நஸ்ரின் அவர் கையில் இரண்டு ஊசி ஏற்றினாள்.
போவதற்கு ஒன்று. வருவதற்கு ஒன்று.
ஏங் கண்ணு, என்றார்,
எங்க காருக்குப் பண்ணுன மாதிரி
சனிக்கிழமை வரைக்கும்
ரெண்டையும் கோத்து உட்டுற முடியாதா?
பிளாஸ்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒட்டிவிட்டு
நீங்க மேடு ஏறிருவீங்க அய்யா, என்றாள்.
சிரித்தார். நானும்தான்.
மெஷின் சுற்ற ஆரம்பித்ததும்
கதவுக்கு வெளியே வந்துவிட்டேன்.

நாலு மணி நேரம் வேப்பமரத்தடியில் கார் ஆறியது.
டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே, கறுப்பாக.
ஃபோட்டோ பிடித்து சத்தீஸ்கருக்கு அனுப்பினேன்.
கூலர் என்ன வெல சொன்னான்? என்று பதில் வந்தது.

திரும்பும்போது பதினொன்றரை வெயில்.
ஜன்னல் நாலும் திறந்து, முகத்தில் ஈரத்துண்டோடு
மாமா தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.
பாலத்தில், காலித் தட்டுகள் குலுங்க,
அதே முட்டை வண்டி.
இப்ப முந்து, என்றார் துண்டுக்குள்ளிருந்து.

ஐம்பத்திரண்டு வரை போனேன்.